முன் சக்கரம்

— ஆறு நாற்பது, அண்ணா. நேத்து சாயந்திரம் ஆறு நாற்பதுக்கு எட்மண்ட் வண்டி உங்க கடைக்குள்ள போச்சு. எதிர் டீக்கடையில உட்கார்ந்து நானே பார்த்தேன்.

— யாரும்மா இல்லன்னது? உள்ளதான் கீது. தார்ப்பாய் போட்டு வச்சிக்கீறேன். அதுக்கு இன்னா இப்போ? காலங்காத்தால ஆட்டோவுல வந்து எறங்கிகினு, ஷட்டரைக்கூட முழுசா தூக்க வுடாம.

— இந்தக் கோணியைப் பிடிங்க. பிரிச்சுப் பாருங்க.

— சக்கரமா?

— எத்தனை இன்ச்?

— பதினாறு.

— ஃபிரெடி வண்டியோட முன் சக்கரம். ஆக்ஸிடென்ட்டுக்கு அப்புறம் போலீஸ் ஸ்டேஷன்ல வண்டியைத் திருப்பிக் கொடுத்தப்போ மத்ததை எல்லாம் எடைக்குப் போட்டுட்டேன். இது மட்டும் ரெண்டு வருஷமா என் கட்டிலுக்கு அடியில இருக்கு.

— கட்டிலாண்ட எதுக்கு எப்சிம்மா இத்த வச்சிகினு?

— தூக்கம் வராதப்போ கையை விட்டுச் சுத்திப் பார்ப்பேன். நீங்களும் சுத்திப் பாருங்க. ஒரு கோணல் இல்லை. வீட்டுக்காரர் போயிட்டார், சக்கரத்துக்கு ஒரு கீறல் விழலை.

— உக்காரு. டீ சொல்றேன்.

— டீ வேண்டாம். எட்மண்ட் வண்டியில இதை மாட்டுங்க.

— இன்னாது?

— காதுல விழுந்துச்சு உங்களுக்கு. அதே மாடல் புல்லட், அதே முன் பக்கம். அதுல இருக்கிற பத்தொன்பது இன்ச்சைக் கழட்டிட்டு இதை மாட்டுங்க. நாளன்னைக்கு ரெண்டாவது சனிக்கிழமை. அவனும் அவன் க்ளப்காரங்களும் காலையில வண்டலூர்லேர்ந்து கேளம்பாக்கம் போவாங்க. ஃபிரெடி போன அதே ரோடு. போகட்டும்.

— நல்லாத்தான் பேசற. போஸ்ட் ஆபீஸ்ல கவுன்ட்டர்ல உக்காந்துகினு இதான் யோசிக்கிறியா?

— ஆமா. ஸ்டாம்ப் கிழிச்சுக் கொடுத்துக்கிட்டே யோசிப்பேன். சின்னச் சக்கரம்னா என்ன, பெரிய சக்கரம்னா என்னன்னு தேடித் தேடிப் படிச்சேன். சின்னதுன்னா வளைஞ்சு கொடுக்கும், பெரிசுன்னா நேராப் போகும். சரிதானே?

— அவ்ளோதான்னா நான் எதுக்கு முப்பது வருசம் கையில கிரீஸைப் பூசிகினு கீறேன்? தோ பாரு. பத்தொம்போது கீதே, அது கொஞ்சம் சோம்பேறி. கூப்ட்டா ஒடனே திரும்பாது. தோளைச் சாச்சுக் கெஞ்சணும். ஆனா ஒரு தபா திரும்பிடுச்சுன்னா போற வழியை மாத்திக்காது. பள்ளம் மேடு எல்லாத்தையும் மெதிச்சிகினு போயினே இருக்கும். பதினாறு அப்டி இல்ல. நீ நெனைக்கறதுக்குள்ள திரும்பிக்கும். மார்க்கெட்டு கும்பல்ல ஓட்டினா ஷோக்காத்தான் இருக்கும், சைக்கிள் மாதிரி. பள்ளத்துல மட்டும் உள்ள எறங்கி எறங்கி எழுந்துக்கும்.

— அறுபது, எழுபது வேகத்துல?

— எதுக்கு கேக்கற?

— நீங்க சொல்லிக் கேட்கணும்.

— சூப்பர் மார்க்கெட்ல தள்ளுவண்டி தள்ளியிருக்கியா? அதோட முன் சக்கரம் தானா பின்னாடி சாஞ்சுகினு நேரா வரும்ல? புல்லட்டுலயும் அதே கதைதான். முன் சக்கரத்தைப் புடிச்சிக்கீற ஃபோர்க் சாஞ்சு நிக்கறதுனால, சக்கரம் தரையைத் தொடற இடம், ஃபோர்க்கோட கோடு தரையில வுழற எடத்துக்குக் கொஞ்சம் பின்னாடி வுழும். அத்தாலதான் ஹேண்டில் தானா நேராவுது. முன் சக்கரத்தைச் சின்னதாக்கினா அந்த இடைவெளி கொறையும். பின்னாடி பெரிசு, முன்னாடி சின்னதுன்னா வண்டி மூக்கு வேற எறங்கிடும். ஃபோர்க் நட்டுக்குத்தா நிக்கும். அப்பால ஒரு சின்ன கல்லு போதும். ஹேண்டில் அந்தாண்ட இந்தாண்ட ஆடும். நீ இறுக்கிப் புடிக்கப் புடிக்க இன்னும் ஆடும்.

— அப்படியேதான் செல்வம்மாள் சொன்னாங்க.

— அது யாரு?

— கோவளத்து அம்மா. மீன் விக்கிறவங்க. அன்னைக்கு ஷேர் ஆட்டோவுல கூடையோட பின்னாடி வந்திருக்காங்க. கண்டிகை தாண்டி அந்த வளைவுல, தூண்டில்ல மாட்டின மீன் தலையை ஆட்டுற மாதிரி ஹேண்டில் ஆடுச்சாம். வண்டி வேகமே இல்லை, எங்க ஆட்டோ கூடவேதான் வந்துச்சுன்னு சொன்னாங்க. நாலு தடவை போய்க் கேட்டேன். நாலு தடவையும் அதையேதான் சொன்னாங்க.

— போலீசாண்ட சொல்லலியா?

— சொன்னாங்க. மீன்காரம்மாவுக்கு ஸ்பீடு பத்தி என்ன தெரியும்னு கேட்டுட்டு, அதிவேகம்னு எழுதினாங்க. அது போதும்னு ஆயிடுச்சு எல்லாருக்கும். கணக்கு வாத்தியாருக்கு எதுக்கு பழைய புல்லட்டு, ஆசைப்பட்டாரு, முறுக்கினாரு, போயிட்டாரு. சர்ச்சுல பேசினாங்க. என் மாமியார் பேசினாங்க. ஸ்கூட்டியில போனாக்கூட ஹெல்மெட் பக்கிள் மாட்டினாரான்னு ரெண்டு தடவை தொட்டுப் பார்க்கிற மனுஷன் அண்ணா அவர்.

— தெரியும்மா.

— எட்மண்ட் என்ன சொன்னான் தெரியுமா? பெட்டியை மூடுறதுக்கு முன்னாடி என் பக்கத்துல வந்து நின்னான். நான் ஃபிரெடிகிட்ட சொன்னேன் எப்சி, ஹேண்டில் பிடிமானம் இல்லாம லைட்டா இருக்கு, இதை எடுத்துக்கிட்டு வராதேன்னு சொன்னேன், கேட்கலைன்னான். அப்போ எனக்கு ஒண்ணும் புரியலை. மூணு மாசம் கழிச்சு, ஒருநாள் கவுன்ட்டர்ல இருக்கும்போது சட்டுனு தோணுச்சு. ஹேண்டில் லைட்டா இருக்குன்னு அவனுக்கு எப்படித் தெரியும்? வண்டியை வித்ததே அவன்தானே. சக்கரத்தை மாத்தி, படம் எடுக்க அழகா ஆக்கி, என் வீட்டுக்காரர் தலையில கட்டிட்டான்.

— அவராண்ட கேட்டியா?

— கேட்டேன். சர்ச் வாசல்ல, எல்லார் முன்னாடியும், கொலைகாரான்னு கேட்டேன்.

— அவரு?

— தலையைக் குனிஞ்சுக்கிட்டுப் போனான். அடுத்த வாரமும் கேட்டேன். அடுத்த வாரமும் அப்படியே போனான். தப்பு பண்ணாதவன் ஏன் அண்ணா வாயைத் திறக்கலை?

— அத்த என்னாண்ட கேக்காதம்மா.

— நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம். மாட்டுங்க. கண்டிகை வளைவுல நான் நிப்பேன். ஹேண்டில் முதல் தடவை ஆடும்போது அவன் முகம் எப்படி மாறுதுன்னு பார்க்கணும். அவ்வளவுதான்.

— செத்துட்டாருன்னா?

— ஃபிரெடி செத்தார்.

— பின்னாடி அவரு பொண்ணு உக்காந்துகினு வருமே. ஜோசலின். ஏழாவது படிக்குது. அதுவும் சேந்து வுழணுமா?

— அன்னைக்குக் காலையில ஆறு மணிக்கு சர்ச்சுல சின்னப் பிள்ளைங்களுக்குப் பாட்டு ப்ராக்டிஸ் வச்சிருக்கேன். நடத்தப்போறது என் தங்கச்சி. ஜோசலின் வராம இருக்க மாட்டா, தனியாப் பாடச் சொல்லியிருக்கேன்.

— எப்பாடி. எல்லாம் போட்டு வச்சிட்டுதான் வந்துக்கீற.

— ரெண்டு வருஷம் இருந்துச்சே.

— சரி, நான் ஒண்ணு கேக்கறேன். எட்மண்ட் சார் இன்னா கண்ணு தெரியாதவரா? பத்தொம்போது இருந்த எடத்துல பதினாறு இருந்தா, தெரு முனையிலேர்ந்தே பார்த்துடுவாரு.

— பார்க்கட்டும். ரிம் வளைஞ்சிருக்கு, புதுசு சொல்லியிருக்கேன், வர ஒரு வாரம் ஆகும்னு சொல்லுங்க. அதுவரைக்கும் இதுல ஓட்டுங்க சார், ஒண்ணும் ஆகாதுன்னு சொல்லுங்க. நீங்க சொன்னா நம்புவான். உங்க வாயிலேர்ந்து வந்தா யாரும் ரெண்டாவது கேள்வி கேட்க மாட்டாங்க.

— இத்த உனக்கு யாரு சொல்லிக் குடுத்தது?

— யாரும் சொல்லலை. மெக்கானிக்குங்க எல்லாரும் அப்படித்தானே சொல்றீங்க. என்ன அண்ணா, முகம் ஏன் இப்படி ஆயிடுச்சு?

— ஒண்ணும் இல்ல. என்னால ஆவாது. நீ கெளம்பு.

— சரி. கோணியைக் கொடுங்க. அனகாபுத்தூர்ல ரங்கன்னு ஒருத்தர், ஸ்போக் கட்டுறவர், எந்தச் சக்கரத்தையும் எந்த வண்டியிலயும் ஏத்துவாராம். நீங்க வேலை முடிச்சுக் கொடுத்துட்டா, நாளைக்கு ராத்திரி எட்மண்ட் வண்டி அவன் வீட்டு வாசல்லதான் நிக்கும். வழி இல்லாமப் போகாது.

— ரங்கனாண்ட போவாத.

— ஏன்?

— போவாதன்னா போவாத. பேஜாராப் பூடும். இதோ பாரும்மா, எட்மண்ட் சார் இந்தச் சக்கரத்தை முன்னாடி பார்த்தாருன்னா வண்டியில ஏறவே மாட்டாரு. யாரு சொன்னாலும் ஏற மாட்டாரு. அவருக்கு இத்தத் தெரியும்.

— தெரியுமா?

— இல்ல, நான் இன்னா சொல்ல வந்தேன்னா.

— இந்தச் சக்கரம் அவனுக்குத் தெரியும்னு இப்போ சொன்னீங்க. அப்போ தெரிஞ்சுதான் வித்திருக்கான்.

— அவரு இத்த விக்கல.

— பின்ன?

— அவரு வித்த வண்டியில முன்னாடியும் பத்தொம்போது, பின்னாடியும் பத்தொம்போது. அந்த மனுசன் ஒரு நட்டைக்கூட மாத்த மாட்டாரு. கம்பெனியிலேர்ந்து எப்டி வந்துதோ அப்டியே இருக்கணும்பாரு. ஃபோட்டோவுக்குச் சக்கரத்தை மாத்தற ஆளு இல்ல அவரு.

— பொய் சொல்றீங்க. க்ளப்பு, கஸ்டமரு, உங்களுக்குப் பொழப்பு அவன்கிட்டதான்.

— ரிம்மைத் திருப்பு. வால்வு ஓட்டையாண்ட, உள் பக்கம். தொடைச்சுட்டுப் பாரு. மாசம், வருசம் அடிச்சுக்கீதா? படி.

— ஜூன். ரெண்டு வருஷம் முன்னாடி.

— ஃபிரெடி சார் வண்டி வாங்கினது?

— ஜனவரி.

— அதே வருசம்தானே? ஜனவரியில வித்தவரு, ஜூன்ல செஞ்ச ரிம்மை எப்டிம்மா மாட்டுவாரு?

— அப்போ யார் மாத்தினது?

— சொல்றேன். நீ மொதல்ல உக்காரு.

— நின்னுக்கிட்டே கேட்கிறேன்.

— நான்தான். ஸ்போக் கட்டினது ரங்கன். கட்டச் சொன்னதும் மாட்டினதும் நான்.

— நீங்களா?

— ஜூலை கடைசியில ஃபிரெடி சார் வந்தாரு. ரெண்டு சக்கரமும் பதினாறு வேணும், வண்டியைத் தாழ்த்தணும்னாரு. நான் சொன்னேன், சார், தாழ்த்துனா ஓட்டறதுல மாத்தம் தெரியும்னு. மெதுவாத்தான் ஓட்டப்போறது, செய்யுங்கன்னாரு. ரெண்டு ரிம்மு சொன்னேன். ஒண்ணுதான் வந்துது. முன்னாடி மாட்டிட்டேன். பின்னாடிக்கு வெயிட் பண்ணியிருக்கணும். அவரு வேற, பதினெட்டாம் தேதிக்குள்ள வேணும், வேணும்னு போன் போட்டுகினே இருந்தாரு. நான் வண்டியை வெளிய குடுத்துட்டேன். பின் ரிம்மு வர ஒரு வாரம் ஆவும், அதுவரைக்கும் இப்டியே ஓட்டுங்க சார், ஒண்ணும் ஆவாதுன்னு சொன்னேன்.

— ஒண்ணும் ஆவாது.

— அதான் சொன்னேன். அதே வார்த்தை.

— வண்டியை ஓட்டிப் பார்க்கலையா? ட்ரையல் பார்க்காம சாவி கொடுக்க மாட்டேன்னு ஊர் பூரா சொல்லுவீங்களே.

— பார்த்தேன்மா. பெருங்களத்தூர் வரைக்கும் போயிட்டு வந்தேன். ஜி.எஸ்.டி. ரோட்டுல, சாயந்திரம். பஸ்ஸும் லாரியுமா நகரக்கூட எடம் இல்ல. முப்பதுக்கு மேல முள்ளு ஏறல. முப்பதுல அது தங்கமாட்டம் ஓடிச்சு. சொன்ன பக்கம் திரும்பிச்சு. நான்கூட நெனச்சேன், பரவால்லியே, நல்லாத்தான் வந்துக்கீதுன்னு. அறுபதுல எப்டி இருக்கும்னு தெரிஞ்சவன் நான். முப்பதுல ஓட்டிப் பார்த்துட்டு சாவியைக் குடுத்தேன்.

— எட்மண்ட்?

— வியாழக்கெழமை சர்ச்சுல வண்டியைப் பார்த்துக்கீறாரு. ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்துட்டு நேரா இங்க வந்தாரு. என்னைச் சட்டையைப் புடிக்காத கொறை. முன்னாடி ஒண்ணு பின்னாடி ஒண்ணா வச்சு அனுப்பியிருக்கியே, உனக்கு மூளை கீதா, இன்னைக்கே பழசை மாட்டுன்னாரு. திங்கக்கெழமை இட்டாரச் சொல்லுங்க சார், மாட்டிடறேன்னேன். ஃபிரெடி சாராண்டயும் சொல்லிக்கீறாரு, சனிக்கெழமை வராதேன்னு. இவரு, நான் எல்லாருக்கும் பின்னாடி மெதுவா வரேன்னு கெளம்பிட்டாரு.

— அறுபதுல.

— அறுபதே இருக்காது. அந்த மீன்காரம்மா சொன்னது சரிதான்.

— ஃபிரெடி மேல தப்பு இல்லை.

— இல்லம்மா. அவர்மேல ஒரு தப்பும் இல்ல.

— இதை ரெண்டு வருஷம் வச்சுக்கிட்டு இருந்தீங்க. நான் எட்மண்டைக் கொலைகாரான்னு கூப்பிட்டது இந்தத் தெருவுக்கே தெரியும். உங்களுக்கும் தெரியும்.

— தெரியும்.

— அவர் ஏன் சொல்லலை? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் நேரா இங்க வந்திருப்பேனே.

— அத்த வுட்டுடு.

— சொல்லுங்க.

— வுட்டுடும்மா. அவருக்கு வாக்கு குடுத்துக்கீறேன்.

— என் வீட்டுக்காரர் எதுக்கு வண்டியைத் தாழ்த்தச் சொன்னார்? அவர் ஆறடி. அவருக்கு எதுக்குத் தாழ்ந்த வண்டி? அண்ணா, நான் உங்களைத்தான் கேட்கிறேன்.

— ஒரு சீட்டு குடுத்தாரு. பேரு ஒண்ணும் போடல. இடுப்புலேர்ந்து குதிகால் வரைக்கும் இவ்ளோன்னு ஒரு அளவு. அந்தக் கால் ரெண்டும் தரையில முழுசாப் படணும், அந்த ஒசரத்துக்கு சீட்டை எறக்குங்கன்னாரு. யாருக்கு சார்னேன். ஆகஸ்ட் பதினெட்டு எங்க கல்யாண நாளு, எப்சிக்கு ஓட்டக் கத்துக் குடுக்கப் போறேன், அதுக்குத் தெரிய வேணாம்னாரு.

— டெய்லருக்குன்னு சொன்னார்.

— இன்னாம்மா?

— டேப்பை வச்சு அளந்தார். புது சுடிதார் தைக்கிறதுக்கு, டெய்லர் கேட்டார்னு சொன்னார். நான் நம்பினேன்.

— பொதைச்ச அன்னைக்கி சாயந்திரம் எட்மண்ட் சார் வந்தாரு. தோ, இந்த ஸ்டூல்லதான் உக்காந்தாரு. வேதாசலம், நீ செஞ்சதை எப்சியாண்ட சொன்னா, எதுக்கு செஞ்சேன்னு அது கேக்கும், கேட்டா, தன்னாலதான் போனாருன்னு அது சாவற வரைக்கும் நெனச்சிகினே இருக்கும், வாயைத் தொறக்காதன்னாரு. அப்பால நீ சர்ச்சு வாசல்ல திட்டினது தெரிஞ்சு நானே போய்க் கேட்டேன், சொல்லிடலாமா சார்னு. வேணாம், என்னைத் திட்டிகினு இருக்கட்டும், தன்னைத் திட்டிகினு இருக்கறதுக்கு இது மேலுன்னாரு.

— ரெண்டு வருஷமா தலையைக் குனிஞ்சுக்கிட்டுப் போனார்.

— ஆமா.

— ஜோசலின் முன்னாடிகூட சொல்லியிருக்கேன், அந்த வார்த்தையை.

— அவரு ஒண்ணும் மனசுல வச்சிக்கல. நீ ஒரு தபா அவராண்ட போய்ப் பேசு. அது போதும் அவருக்கு.

— பேசுறேன். அவர் வாயை மூடிக்கிட்டது எனக்காக. நீங்க யாருக்காக மூடிக்கிட்டீங்க?

— எனக்காகத்தான். வேற யாருக்கு? கடை கீது, வூடு கீது. வேதாசலம் மாட்டின சக்கரத்துல ஒரு ஆளு பூட்டாருன்னு தெரிஞ்சா, எவன் வண்டியை வுடுவான்? எட்மண்ட் சார் வேணாம்னு சொன்னது எனக்கு சௌகரியமாப் போச்சு. அதான் நெசம்.

— இன்னைக்கும் ரங்கன்கிட்ட போறேன்னு சொன்னதுக்கு அப்புறம்தான் வாய் திறந்தீங்க. போனா அவர் சக்கரத்தைப் பார்த்ததும் உங்க பேரைச் சொல்லியிருப்பார்.

— அதுவும்தான். இல்லன்னு சொல்லல. ஆனா அது மட்டும் இல்லம்மா. ஒரு தப்பும் பண்ணாத மனுசன் வண்டியில இத்த ஏத்தப் பார்த்தியே, அத்தப் பார்த்துகினு எப்டி நிக்கறது?

— சரி.

— இன்னா சரி?

— எட்மண்ட் வண்டியில மாட்ட வேண்டாம்.

— அப்பாடா. கர்த்தரு உனக்கு நல்ல புத்தி குடுத்தாரு. அந்தச் சக்கரத்தை இங்கயே போட்டுட்டுப் போ. அறுத்து எடைக்குப் போட்டுடறேன். நீ வூட்டுக்குப் போ. போஸ்ட் ஆபீஸுக்கு லீவு சொல்லு. ஆட்டோ கூப்பிடட்டா?

— வெளிய மூணு புல்லட்டு நிக்குதே. இதுல உங்களோடது எது, அண்ணா?